ஃபோர்டு திரும்ப வருதாம், யாருக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "சார், ஃபோர்டு திரும்ப வர்றானாமே? அப்போ இதை இப்போ விக்க வேணாம்தானே?"

'இது' என்றால் 2014-ல் பதிவான டீசல் ஈக்கோஸ்போர்ட். விற்கலாம் என்று கொஞ்ச நாளாகவே முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறார். வந்து பார்க்கிறவர்கள் வண்டியைச் சுற்றி வருகிறார்கள், பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள், குறை ஒன்றும் சொல்வதில்லை. கடைசியில் "கம்பெனியே போயிடுச்சே சார்" என்று ஒரே வரியில் விலையைக் குறைத்துவிட்டுப் போகிறார்கள். இப்போது செய்தியில் ஃபோர்டு மறைமலைநகருக்கு மறுபடி வருகிறது என்று படித்ததும் அவருக்கு ஒரு நம்பிக்கை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. மாடம்பாக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஃபோர்டு என்பது எங்கோ இருக்கும் அமெரிக்கக் கம்பெனி இல்லை. தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் கூடுவாஞ்சேரி, பொத்தேரியெல்லாம் தாண்டி மறைமலைநகர் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அந்த ஆலையிலோ, அதற்கு பாகம் செய்துகொடுத்த கம்பெனியிலோ வேலை பார்த்த ஒரு ஆளைத் தெரிந்திருக்கும். அதனால் 'ஃபோர்டு ஏன் போச்சு' என்பதற்கு இங்கே ஆளுக்கொரு கதை உண்டு. அந்தக் கதைகளை ஒருமுறை உட்கார்ந்து சரிபார்த்தால்தான் அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது. அதற்காக எடுத்த குறிப்புகள்தான் இது.

முன்கதை: இது முதல் தடவை இல்லை

பல பேர் ஃபோர்டு 1990-களில் இந்தியாவுக்கு வந்ததாக நினைக்கிறார்கள். அதற்கு எழுபது வருஷம் முன்னாடியே ஒரு தடவை வந்திருக்கிறது. 1926-ல் ஃபோர்டு இந்தியா தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியது அமெரிக்க ஃபோர்டு நேரடியாக இல்லை, கனடா ஃபோர்டு. பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்த நாடுகளில், பிரிட்டன் நீங்கலாக, ஃபோர்டு வண்டி விற்கும் உரிமை கனடா கம்பெனிக்கு இருந்தது. பேரரசுக்குள்ளிருந்து வரும் பொருளுக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று துறைமுக நகரங்களில் பெட்டிபெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கி விற்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு ஒரு கேள்வி கேட்டது: இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இருக்கிறதா, இல்லை பூட்டி மட்டும் விற்கப் போகிறீர்களா? 1953-ல் தீர்வை ஆணையத்தின் பரிந்துரைப்படி, உற்பத்தித் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்றாகிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், நம்ம பெருங்களத்தூர் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் மாதிரி உள்ளூர் கம்பெனிகள் தொடர்ந்தன.

ஆக முதல் தடவை ஃபோர்டு போனதற்குக் காரணம், இங்கே தயாரிக்க அது தயாராக இல்லை. இரண்டாம் தடவை போனதற்குக் காரணம் கிட்டத்தட்ட தலைகீழ்: நாம் வாங்கியதைவிடப் பல மடங்கு தயாரிக்கும் அளவுக்கு ஆலைகளைக் கட்டி வைத்திருந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டாம் வருகையின் தேதிகள் சுருக்கமாக. 1995-ல் மகிந்திராவோடு கூட்டு. 1996-ல் எஸ்கார்ட். அந்த வருஷமே தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம். 1998-ல் பெரும்பான்மைப் பங்கு ஃபோர்டு கைக்கு வந்தது. 1999-ல் மறைமலைநகர் ஆலையிலிருந்து ஐகான். பிறகு மொண்டியோ, என்டேவர், ஃப்யூஷன், ஃபியஸ்டா. 2010-ல் ஃபிகோ. 2013-ல் ஈக்கோஸ்போர்ட். 2015-ல் குஜராத் சானந்தில் இரண்டாவது ஆலை. 2019-ல் மறுபடி மகிந்திராவோடு ஒரு கூட்டு அறிவிப்பு, 2020 டிசம்பர் 31-ல் அது ரத்து. 2021 செப்டம்பர் 9-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவிப்பு. 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசி ஈக்கோஸ்போர்ட்.

முதல் கதை: "நமக்கு நல்ல காரோட அருமை தெரியல"

ஃபோர்டு ரசிகர்கள் அதிகம் சொல்லும் கதை இது. ஃபோர்டு ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தாலே தெரியும், ஹைவேயில் நூறு தாண்டினாலும் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும். நம்ம ஆட்கள் 'எத்தனை கொடுக்கும்' என்று மைலேஜ் மட்டும் கேட்டார்கள், அதனால் நல்ல கம்பெனி போயிடுச்சு. இப்படிப் போகும் அந்தக் கதை.

கேட்க நன்றாக இருக்கிறது. வரலாற்றோடுதான் பொருந்தவில்லை. ஃபோர்டு சரியான வண்டியைச் சரியான விலையில் கொண்டுவந்த இரண்டு தடவையும் இதே மக்கள்தான் வரிசையில் நின்றார்கள். 2010-ல் ஃபிகோ மூன்றரை லட்ச ரூபாயை ஒட்டிய ஆரம்ப விலையில் வந்தது, நன்றாக விற்றது. 2011-க்கான இந்தியாவின் சிறந்த கார் விருதும் வாங்கியது. 2013 ஜூனில் ஈக்கோஸ்போர்ட் 5.59 லட்சத்தில் தொடங்கியபோது மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். நாலு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவி என்ற வகையே அதற்குப் பிறகுதான் இங்கே சூடு பிடித்தது. அருமை தெரியாத மக்கள் செய்கிற காரியமா இது?

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஈக்கோஸ்போர்ட்டுக்குப் போட்டியாக 2016-ல் பிரெஸ்ஸா வந்தது, 2017-ல் நெக்ஸான், 2019-ல் வென்யூ, 2020-ல் சோனெட். ஈக்கோஸ்போர்ட் மட்டும் நடுவில் ஒரு முகப்பு மாற்றத்தோடு 2013-ல் வந்த அதே தலைமுறையாகவே 2021 வரை விற்பனையில் இருந்தது. தான் திறந்து வைத்த சந்தையில் தானே பழசாக நின்ற வண்டி அது. இதற்கு வாங்குகிறவர் மேல் பழி போடுவது நியாயம் இல்லை.

இரண்டாம் கதை: "சர்வீஸ் செலவு தாங்காது"

இது மெக்கானிக் ஷெட்டிலிருந்து வரும் கதை. முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஐகான், ஃபியஸ்டா காலத்தில் கிளம்பிய பேச்சு இது. உள்ளே இருக்கும் சின்ன பாகம் போனாலும் மொத்த அசெம்பிளியை மாற்றச் சொல்வார்கள், ஸ்பேர் வர நாளாகும் என்று ஓனர்கள் புலம்பினார்கள். ஃபோர்டுக்கும் இது தெரிந்துதான் இருந்தது. பிற்காலத்தில் அசெம்பிளியைப் பிரித்து உள் பாகங்களைத் தனியாக விற்க ஆரம்பித்தது, சர்வீஸ் செலவை முன்கூட்டியே இணையத்தில் பார்க்க வழி செய்தது, ஸ்பேர் பாகங்களை வெளிக்கடைகளில் கிடைக்கச் செய்தது. அந்தக் கடைசி வருஷங்களில் வண்டி வாங்கிய ஓனர்கள் பல பேர் "செலவு ஒண்ணும் அப்படி இல்லையே" என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் பேர் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

எங்கள் பக்கத்தில் ஒரு காருக்கு இரண்டு ஆயுள் உண்டு. முதல் நாலைந்து வருஷம் ஷோரூமோடு வாழும்: வாரண்டி, கம்பெனி சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அங்கேயே. அதற்கப்புறம் பத்து வருஷம் கேம்ப் ரோடு, அகரம்தென் ரோடு, வேளச்சேரி ரோடு என்று அங்கங்கே இருக்கும் ஷெட்டுகளோடு வாழும். கம்பெனி சம்பாதிப்பது முதல் ஆயுளில், ஓனர் கஷ்டப்படுவது இரண்டாவதில். ஒரு பிராண்டுக்குப் பேர் கிடைப்பதும் இந்த இரண்டாவது ஆயுளில்தான். ஷெட்டில் மெக்கானிக் "இந்த வண்டியா, விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்று சொன்னால் அதற்கு ரீசேல் இருக்கிறது என்று அர்த்தம். "ஃபோர்டா சார்? கம்பெனிக்கே எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது ஆயுள் நன்றாக இருக்க, நிறைய வண்டி ஓட வேண்டும். மாருதி 800 ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கே பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. எந்தத் தெருவிலும் அதன் பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த ஆள் இருப்பார். ஃபோர்டு தன் முதல் உண்மையான சின்ன காரைக் கொண்டுவந்தது 2010-ல், ஐகானுக்குப் பதினோரு வருஷம் கழித்து. ஷெட்டுக்காரர்கள் ஃபோர்டைக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு வண்டிகள் ரோட்டில் சேர்வதற்குள் பேச்சு நிலைத்துவிட்டது. 2016-ல் வண்டி எடுத்தவர், 2002-ல் ஒருவர் பட்ட பாட்டுக்கும் சேர்த்து ரீசேலில் விலை கொடுத்தார்.

மூன்றாம் கதை: "வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தியா புரியாது"

பொருளாதாரப் பக்கங்கள் விரும்பும் கதை இது. இதற்கு மறுப்பு நம்ம ஊரிலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிற்கிறது. ஹூண்டாயும் வெளிநாட்டுக் கம்பெனிதான். ஃபோர்டு வந்த அதே காலத்தில், அதே சென்னையைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டது. வித்தியாசம் எங்கே? 1998-ல் ஹூண்டாய் வைத்த முதல் அடி சான்ட்ரோ. ஃபோர்டு வைத்த முதல் அடி எஸ்கார்ட். ஐரோப்பாவில் வயதாகிப்போன ஒரு செடான், இங்கே பணக்காரர் வண்டியாக விற்கப்பட்டது. அடுத்து வந்த ஐகான் இந்தியா மாதிரியான சந்தைகளை மனசில் வைத்துச் செய்த வண்டி, இளைஞர்களுக்குப் பிடித்தும் இருந்தது. ஆனாலும் அது செடான். முதல் கார் வாங்கும் குடும்பம் ஹூண்டாய் வாசலில் நின்றது. அந்தக் குடும்பம் இரண்டாவது கார் வாங்கும்போதும் தெரிந்த வாசலுக்கே போனது.

இன்னொரு மறுப்பு கடல் கடந்து இருக்கிறது. பிரேசிலில் ஃபோர்டு 1919 முதல் இருந்தது. நூறு வருஷம் இருந்த கம்பெனிக்கு அந்த நாடு புரியவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? சொல்லப்போனால் ஈக்கோஸ்போர்ட் பிறந்ததே பிரேசிலில்தான். 2021 ஜனவரியில் அங்கேயும் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அதற்கு முன்னால் 2016-ல் ஆஸ்திரேலியாவில் நிறுத்தியது. 2018-ல் அமெரிக்காவிலேயே செடான் கார்களைக் கைவிடுவதாகச் சொன்னது. பெரிய பிக்கப், பெரிய எஸ்யூவி, வணிக வாகனம், பிறகு மின்சார வண்டி என்று லாபம் இருக்கும் இடங்களுக்குள் கம்பெனி தன்னைச் சுருக்கிக்கொண்டு வந்தது. இந்தியா அந்தப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். கோளாறு நம்மிடம் என்றோ, நம்மைப் புரிந்துகொள்ளாததில் என்றோ தேடுகிற கட்டுரைகள் இந்தப் பட்டியலைத் திறந்தே பார்ப்பதில்லை.

ஓனர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

ஃபோர்டு பற்றி எழுதப்படும் பாதி விஷயம் ஓனர்களின் அனுபவம். அதை அப்படியே நம்புவதும் தப்பு, ஒதுக்கித் தள்ளுவதும் தப்பு. இரண்டு உதாரணம் சொல்கிறேன், ஒன்று ஓனர்கள் ஏமாந்த இடம், மற்றது ஓனர்கள் ஜெயித்த இடம்.

முதலாவது கதவுச் சத்தம். ஃபோர்டு ஓனர் யாரைக் கேட்டாலும் "கதவைச் சாத்திப் பாருங்க சார், அந்தச் சத்தமே சொல்லும்" என்பார். சத்தம் கனமாக இருந்தால் வண்டி பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்ட்டோ, ஐ10, நானோ, போலோ, ஃபிகோ. ஐந்தும் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல், ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் நட்சத்திரம். அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: ஃபிகோ, போலோ இரண்டின் உடல் கட்டமைப்பு மோதலில் நிலைத்து நின்றது, ஏர்பேக் இருந்தால் நிலைமை வேறாக இருக்கும். ஆக ஓனரின் காது சொன்னதில் பாதி சரி, கட்டமைப்பு உறுதிதான். மீதிப் பாதி தப்பு. உள்ளே இருந்த ஆளைக் காப்பாற்ற வேண்டிய பொருள் அந்த மாடலில் இல்லை. காசு மிச்சம் பண்ணுவதற்காக அதை விட்டுவிட்டு விற்கலாம் என்று முடிவெடுத்தவர்களைத்தான் இதில் கேட்க வேண்டும். 2015-ல் வந்த ஆஸ்பயரில் எல்லா மாடலிலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கொடுத்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ். இரட்டை கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் இது, உலகம் முழுக்க ஃபியஸ்டா, ஃபோகஸ் வண்டிகளில் போட்டது. இங்கே ஃபியஸ்டாவிலும் ஈக்கோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் வந்தது. டிராஃபிக்கில் மெதுவாக ஊர்ந்து போகும்போது வண்டி நடுங்குகிறது என்று பல நாட்டு ஓனர்கள் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் ஃபோர்டு சொல்லியிருந்தது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. புகார்களைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று 2018-ல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் 2017-ல் வந்த புதுப்பித்த ஈக்கோஸ்போர்ட்டில் அந்தக் கியர்பாக்ஸ் போய், வழக்கமான டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்தது. ஓனர்கள் சொன்னது சரி என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் பாடம் இது. வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று ஓனர் சொன்னால் கேளுங்கள், அவர் தினமும் அதில் உட்கார்கிறவர். வண்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறது, கம்பெனி ஏன் போனது என்று ஓனர் சொன்னால் சரிபாருங்கள்.

ஆலை யாருக்காகக் கட்டப்பட்டது

இப்போது மூன்று கதைகளிலும் விட்டுப்போன விஷயத்துக்கு வருகிறேன்.

மறைமலைநகர் ஆலையின் திறன் வருஷத்துக்கு 2 லட்சம் வண்டி, 3,40,000 இன்ஜின். அது போதாதென்று 2011-ல் அறிவித்து 2015-ல் திறந்த சானந்த் ஆலையின் திறன் 2,40,000 வண்டி, 2,70,000 இன்ஜின். இரண்டும் சேர்த்து 4,40,000 வண்டி செய்ய முடியும். கடைசி முழு நிதியாண்டான 2020-21-ல் உள்நாட்டில் விற்றது 50,000-க்கும் கீழே. சந்தைப் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டிவிட்டு வருஷம் பூரா காதுகுத்து மட்டும் நடத்தினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று ஃபோர்டே கணக்குச் சொன்னது.

இவ்வளவு பெரிய ஆலை ஏன் என்றால், அதில் பாதிக்கு மேல் நமக்காக இல்லை. 2016-17 வாக்கில் ஃபோர்டு இந்தியாவின் ஏற்றுமதி உள்நாட்டு விற்பனையைத் தாண்டியிருந்தது. 2018 தொடக்கத்திலிருந்து மறைமலைநகர் ஈக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே போனது. நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டோரத்தில் பூட்டிய வண்டி ஹென்றி ஃபோர்டின் சொந்த ஊரில் ஓடியது என்று நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், அந்தத் தொழிலாளர்களின் கை வேலை அது.

ஆனால் ஏற்றுமதியில் ஒரு ஆபத்து இருக்கிறது. கப்பல் இருக்கும் வரைக்கும் ஆலை ஓடும், ஆலை ஓடும் வரைக்கும் உள்ளூர் ஷோரூம் காலியாக இருப்பது உறைக்காது. உள்ளூர் ஓனருக்கு அடுத்த மாடல், அடுத்த தலைமுறை வண்டி எதுவும் அவசரம் இல்லை. எங்கோ ஒரு நாட்டில் ஏற்றுமதி வரிசை அறுந்தால், இங்கே பிடித்துக்கொள்ள ஒரு சந்தை இருக்காது. அமெரிக்காவில் ஈக்கோஸ்போர்ட்டின் காலம் முடிந்தபோது மறைமலைநகரின் காலமும் முடிந்தது. கடைசி வண்டிகள் ஏற்றுமதிக்குத்தான் செய்யப்பட்டன.

அந்த முடிவை யார் தாங்கினார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனி சொன்னது. 2022 மே மாதக் கடைசியில் சென்னை ஆலைத் தொழிலாளர்கள் நல்ல இழப்பீடு கேட்டு உற்பத்தியை நிறுத்திப் போராடினார்கள். டீலர்கள் சங்கம் சொன்ன கணக்குப்படி 170 டீலர்கள், 391 விற்பனை நிலையங்கள், அவற்றில் 40,000 பேர் வேலை. இதெல்லாம் போக, வண்டி வைத்திருக்கும் ஓனர்கள். மற்றவர்களுக்கு இழப்பீடு என்று ஒரு பேச்சுவார்த்தையாவது நடந்தது. ரீசேலில் போன பணத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அதைக் கேட்கச் சங்கமும் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில்

இனி அவர் படித்த செய்தி. சானந்த் ஆலை டாடாவுக்குப் போய்விட்டது, 725.7 கோடி ரூபாய்க்கு. சென்னை ஆலையை ஃபோர்டு விற்கவில்லை. 2024 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலினின் அமெரிக்கப் பயணத்தின்போது பேச்சு மறுபடி தொடங்கியது, ஏற்றுமதிக்காக இந்த ஆலையைப் பயன்படுத்தப் போவதாக ஃபோர்டு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் கடைசியில் விவரம் வந்தது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின், 600 பேருக்கு மேல் வேலை, 2029-ல் உற்பத்தி ஆரம்பம்.

மறுபடி படியுங்கள். இன்ஜின். ஏற்றுமதி. 2029. இந்தியாவில் கார் விற்கப் போவதாக அதில் ஒரு வார்த்தை இல்லை. ஷோரூம் இல்லை, புது மாடல் இல்லை.

இந்த அறிவிப்பை நான் குறை சொல்லவில்லை. பூட்டிக் கிடக்கும் ஆலையில் 600 பேர் வேலைக்குப் போவது மறைமலைநகருக்கு நல்லது. ஆனால் 'ஃபோர்டு திரும்பி வந்தது' என்று தலைப்புப் போட்ட செய்திகள் ஒரு வேறுபாட்டை மறைத்துவிட்டன. திரும்பி வருவது தொழிற்சாலை. 1999-ல் ஐகானை வாங்கிய குடும்பத்தோடும், 2010-ல் ஃபிகோ வாங்கிய குடும்பத்தோடும் ஃபோர்டுக்கு இருந்த உறவு திரும்பி வரவில்லை. முன்னாடி ஏற்றுமதியும் உள்ளூர் ஓனரும் ஒரே ஆலைக்குள் இருந்தார்கள், ஏற்றுமதி பெருசானதும் ஓனர் ஓரமாகப் போனார். இந்தத் தடவை ஓனரே இல்லாத ஏற்பாடு. கம்பெனிக்கு இது சுத்தமான கணக்கு: விற்பனை இல்லை, சர்வீஸ் இல்லை, புலம்பல் இல்லை.

அதனால் அவருக்கு என் பதில் இதுதான். அண்ணே, இந்தச் செய்தியை நம்பி வண்டியை வெச்சுக்காதீங்க. வண்டியை நம்பி வெச்சுக்கலாம்னா வெச்சுக்குங்க.

எப்படி முடிவு பண்ணுவது? தயாரிப்பை நிறுத்தினாலும் சர்வீஸ், ஸ்பேர், வாரண்டி தொடரும் என்று ஃபோர்டு 2021-ல் சொன்னது, சென்னை உட்பட ஐந்து ஊர்களில் ஸ்பேர் கிடங்கு வைத்திருப்பதாகவும் சொன்னது. ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச் மாதிரி தேயும் சாமான்கள் வெளிக்கடையிலும் கிடைக்கின்றன. கவலைப்பட வேண்டியது உடல் பாகங்கள், விளக்குகள், எலக்ட்ரானிக் பாகங்கள். ஒரு சின்ன இடி வாங்கினால் அங்கேதான் காத்திருக்க வேண்டிவரும். டீசல் வண்டி என்பதால் டைமிங் பெல்ட் ஒன்று இருக்கிறது, அதற்குக் கிலோமீட்டர் கணக்கு மாதிரியே வருஷக் கணக்கும் உண்டு. பத்து வருஷம் தாண்டிய வண்டியில் அதை மாற்றினார்களா என்று சர்வீஸ் ரசீதைப் பார்க்க வேண்டும். மாற்றாமல் ஓட்டி அது அறுந்தால் இன்ஜினோடு போகும். முன்பு கம்பெனி சர்வீஸில் இருந்த சிலர் இப்போது தனியாக ஷெட் வைத்திருக்கிறார்கள், அப்படி கை பழகிய ஒரு ஆள் பக்கத்தில் கிடைத்தால் பாதிக் கவலை போச்சு.

இதெல்லாம் சரியாக இருந்தால், விற்பனைக்கு வருகிறவர் "கம்பெனியே போயிடுச்சே" என்று குறைக்கும் விலைக்கு நல்ல வண்டியைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் கம்பெனியையா வாங்க வந்தார்?

ஞாயிற்றுக்கிழமை போய் இதைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் ஆர்.சி.யை எடுத்து வந்து காட்டினார். தனியார் காருக்குப் பதிவு பதினைந்து வருஷம். அவர் வண்டிக்கு 2029-ல் முடிகிறது.

"அவன் இன்ஜின் ஆரம்பிக்கிற வருஷம் எனக்கு எஃப்.சி. வருது சார்," என்றார். "அதுவரைக்கும் ஓட்டிடலாம். பெல்ட் எவ்வளவு ஆகும்னு மட்டும் நாளைக்குக் கேட்டுச் சொல்லுங்க."